ஜாடிக்குள் போன ரெக்கார்டு ரூம்

ஊறுகாய் போட்டுப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும், ஜாடி எதையும் காப்பாற்றுவதில்லை. காப்பாற்றுவது உப்பும் எண்ணெயும் வெயிலும். மாங்காயைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, கரண்டியில்கூடத் தண்ணீர் படாமல் பார்த்து, பிறகு ஜாடியில் போட்டு வாயில் துணியால் வேடு கட்டினால் அது பத்திரமாக இருக்கும். ஜாடி சும்மா நிற்கும், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள டில்லிவரை போகவேண்டாம், அடுப்படிவரை போனால் போதும். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில், அடுப்படிப் பக்கமே எட்டிப்பார்க்காத சிலர் கூடி, நாட்டின் பழைய ஆவணங்களை எப்படிக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். அது எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கோயிலில் பார்த்தால் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன்.

நான் அந்த ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். அங்கே நான் ஒருத்திதான் பெண். என்னை எந்த மேஜையில் உட்காரவைப்பது என்று அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் பின்கட்டில் இருந்த ரெக்கார்டு ரூமைக் காட்டி, "நீங்க இங்க ப்ரீயா இருக்கலாம்மா" என்றார்கள். எலி ஓடுகிற இடத்தில் என்ன ப்ரீ என்று நான் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவள் கேட்கிற கேள்வி இல்லை அது.

சுற்றுப்பட்டு கிராமங்களின் பிறப்பு இறப்புப் பதிவேடுகள், கிராமக் கணக்குகள், பழைய மனுக்கள் எல்லாம் சிவப்புத் துணியில் மூட்டையாகக் கட்டி அலமாரியில் கிடந்தன. மேலே ஓடு. மழைக்காலத்தில் எந்த மூலையில் ஒழுகும் என்பது எனக்கு மனப்பாடம். சித்திரை வெயிலில் மூட்டைகளைப் பிரித்து வராந்தாவில் பரப்பிக் காயவைப்பேன். வற்றல் காயப்போடுகிறேன் என்று ஆபீஸில் கேலி பேசுவார்கள். பேசட்டும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தோ ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கமிருந்தோ ஒருவர் பஸ் பிடித்து வந்து, பிறந்த தேதிக்கு நகல் வேண்டுமென்று நின்றால், அன்றைக்கே எடுத்துக்கொடுக்க என்னால் முடிந்தது. அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. அந்த ஓட்டை மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதங்கள் மட்டும் போன இடம் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் டில்லியிலிருந்து திட்டம் வந்தது. நாடு முழுவதும் பழைய ஆவணங்கள் ஆபீஸுக்கு ஆபீஸ், கோயிலுக்குக் கோயில் தனித்தனியாக மக்கிக்கொண்டிருக்கின்றன. இனி எது எங்கே இருக்கிறது என்று ஒரே பட்டியல், எப்படி வைப்பது என்று ஒரே முறை, சரியாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரே அமைப்பு. சுற்றறிக்கையை நான் இரண்டு தரம் படித்தேன். யோசனையில் ஒரு குறையும் கிடையாது, இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். நம் ரெக்கார்டு ரூமைப் பற்றி டில்லியில் யாரோ ஒருவர் கவலைப்பட்டிருக்கிறாரே என்று எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இனி ஓடு மாற்றிவிடுவார்கள் என்று நம்பினேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. இங்கே பூசாரிகள் வரிசையாக நின்றார்கள். எத்தனை மூட்டை என்று கடலூர் கேட்டது, எண்ணி அனுப்பினேன். அலமாரி எத்தனை அடி நீளம் என்று மெட்ராஸ் கேட்டது, நாடாவைப் பிடித்து அளந்து அனுப்பினேன். எத்தனை மீட்டர் என்று டில்லி கேட்டது. அடியை மீட்டராக மாற்ற அங்கே ஆள் இல்லையா என்று எங்கள் ஆபீஸரிடம் கேட்டேன். "கேட்டத குடுத்துடும்மா, ஏன் வம்பு" என்றார். மறுபடியும் அளந்தேன். பிறகு கடலூர் பட்டியலும் மெட்ராஸ் பட்டியலும் பொருந்தவில்லை, விளக்கம் தேவை என்று ஒரு கடிதம் வந்தது. ஒன்று மூட்டைக் கணக்கு, இன்னொன்று அடிக்கணக்கு, எப்படிப் பொருந்தும்? மூட்டை அப்படியே இருந்தது, அலமாரி அப்படியே இருந்தது, ஓடும் அப்படியே ஒழுகியது. இதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயர்.

கடைசியாக, ஆவணங்களைப் பூச்சியும் தூசியும் வெளிச்சமும் புகாத பெட்டிகளில் வைக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. பெட்டி கிடைக்காவிட்டால் உள்ளூரில் கிடைக்கும் தகுந்த பொருளைப் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு வரி. எங்கள் ஆபீஸர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்கமாட்டார், யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் மேலிடம் ஒரு தரம் தன்னைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு நிறைய இருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நம்ம ஊர்ல என்ன பேமஸு?"

"கோயிலு சார்."

"அத வுடும்மா. பீங்கானு. ஜாடி. உங்க வூட்ல ஊறுகாய எதுல வெக்கிறீங்க?"

"ஜாடியிலதான் சார்."

"எத்தினி வருசம் கெடாம இருக்குது?"

"நல்லா போட்டா ரெண்டு மூணு வருசம் இருக்கும். ஆனா அதுக்கு உப்பு, எண்ண..."

"தண்ணி வுட்டுக்குற மாங்காயே மூணு வருசம் இருக்குதுன்னா, காஞ்ச காயிதம் முந்நூறு வருசம் இருக்காதா?"

எனக்கு வாயடைத்துப்போயிற்று. இப்படியும் ஒரு கணக்கை ஒரு மனிதர் போடமுடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த மௌனத்தை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஜாடிகள் வந்தன. ஊரில் ஒரு பீங்கான் பட்டறையிலிருந்து மாட்டுவண்டியில் வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு வந்தன. பழுப்பு மெருகு, இடுப்பளவு உயரம், அகன்ற வாய். குறை சொல்ல முடியாத ஜாடிகள். வெளியே அடைமழை. ரெக்கார்டு ரூமில் கை வைத்த இடமெல்லாம் ஈரம் கசிந்தது. நான் ஆபீஸரிடம் போய், "சார், தை மாசம் வரைக்கும் பொறுத்துக்கலாம். வெயில்ல போட்டு எடுத்துட்டு உள்ள வெப்போம். ஈரத்தோட மூடினா பூஞ்ச பூத்துடும்" என்றேன்.

"இது ஊறுகா இல்லம்மா, கவர்ன்மெண்டு ரெக்கார்டு."

ஜாடி வாங்க ஊறுகாய்தான் காரணம், காயவைக்கச் சொன்னால் மட்டும் ஊறுகாய் இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு. வேலை முடிந்தது என்று டில்லிக்கு எழுத அவருக்கு அவசரம். பதிவேடுகளை வளைத்துச் சுருட்டி ஜாடிக்குள் இறக்கினோம். மூடி போட்டு, துணி கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, ஆபீஸ் முத்திரையைக் குத்தினார்கள். எந்த ஜாடியில் எந்த ஊர் என்று சாக்குக்கட்டியால் நான் எழுதினேன். சுவரோரக் கல்மேடையில் வரிசையாக நிறுத்தியபோது அந்த அறை ஊறுகாய் வியாபாரியின் கிடங்கு மாதிரி இருந்தது. எதிர் டீக்கடையில் எங்களை ஊறுகா ஆபீஸு என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரை வைத்தவனுக்கு நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கவேண்டும்.

கூடவே ஓர் உத்தரவு: திட்டத்தின் ஒருங்கிணைப்பு அதிகாரி டில்லியிலிருந்து நேரில் வந்து பார்க்கும்வரை முத்திரையை யாரும் உடைக்கக்கூடாது. எப்போது வருவார்? அது உத்தரவில் இல்லை.

பங்குனி வெயிலில் ஒரு நாள் அந்தப் பாயம்மா வந்தாள். ஸ்டேஷன் வாசலில் ஆப்பக்கடை வைத்திருந்தவள். புருஷன் செத்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒரே பையன், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினான். துபாயில் ஒரு கடையில் அவனுக்கு வேலை பேசிக்கொடுத்திருந்தார் ஒரு உறவுக்காரர். ஒரு ஏஜெண்டு மூலமாக விசாவும் தயாராகிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் மட்டும் வேண்டும். அதற்குப் பிறந்த தேதிக்கு அத்தாட்சி வேண்டும். பையன் ஸ்கூலில் சில வருஷங்கள்தான் உட்கார்ந்தான், அங்கேயும் அவனைப் பற்றி ஒரு காகிதமும் இல்லை. அவன் பிறந்தது பாயம்மாவின் தாய்வீட்டில், கருவேப்பிலங்குறிச்சியில். அந்த ஊர்ப் பதிவேடு என் கண்முன்னால் ஜாடிக்குள் இருந்தது.

"புஸ்தகம் இருக்குது பாயம்மா. ஆனா எடுக்க முடியாது" என்றேன்.

"எங்க இருக்குது?"

காட்டினேன். அவள் போய் ஜாடியின் மேல் கை வைத்துப் பார்த்தாள்.

"இந்தா, கைக்கு எட்டுற தூரத்துல இருக்குதே. எடுத்துப் பாத்துட்டு மறுபடி வெச்சிடக் கூடாதா?"

"சீல் வெச்சிருக்குது. டில்லியிலேர்ந்து ஆளு வந்து பாக்குற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"எம் புள்ள பொறந்தது டில்லிக்காரங்களுக்கு எதுக்கும்மா?"

நான் எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டேன்.

இதற்கு வேறொரு வழியும் உண்டு. ஒரு ஊரின் பதிவேடு தொலைந்துபோயிருந்தால், தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை என்று ஆபீஸில் ஒரு சான்று கொடுப்போம். அதை எடுத்துப்போய் மாஜிஸ்திரேட் முன்னால் தாய் சத்தியம் செய்து தேதியைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். பாஸ்போர்ட் வந்துவிடும். எத்தனையோ பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். அதையாவது கொடுங்கள் என்று ஆபீஸரிடம் போய் நின்றேன்.

"இருக்குற புஸ்தகத்த இல்லன்னு எப்படிம்மா எழுதறது? அது நேஷனல் லிஸ்ட்ல ஏறியாச்சு" என்றார்.

ஆக, அந்தப் புத்தகம் பழையபடி அலமாரியில் இருந்திருந்தால் பையனுக்கு வழி உண்டு. இல்லாமல் போயிருந்தாலும் வழி உண்டு. பத்திரமாக இருந்ததால்தான் வழி இல்லை. கரையான் தின்ற ஊரில் பிறந்தவன் கப்பலேறிவிட்டான், காப்பாற்றிய ஊரில் பிறந்தவன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். இதை ஆபீஸரிடம் இப்படியே சொன்னேன். சிந்திக்கவேண்டிய விஷயம் என்றார்.

முத்திரையை உடைக்க அனுமதி கேட்டு எழுதினோம். இது தேசியத் திட்டம், மெட்ராஸைக் கேளுங்கள் என்றது கடலூர். கடலூருக்கு ஆட்சேபணை உண்டா என்று மெட்ராஸ் எங்களைக் கேட்டது. ஆட்சேபணை இல்லை என்று கடலூரிடம் எழுதி வாங்கி அனுப்பினால், ஜாடி என்று குறிப்பிட்டிருப்பது எந்த வகைப் பெட்டி என்று டில்லி கேட்டது. எழுதினோம். அதிகாரி விரைவில் வரவிருக்கிறார், அவரே முடிவு செய்வார் என்று பதில் வந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் ஊரைச் சுற்றியும் மூக்கைத் தொடவில்லை.

பாயம்மா காலை வியாபாரம் முடிந்ததும் அடிக்கடி வந்து நிற்பாள். வாழை இலையில் ஆப்பம் கட்டிக் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பாள். எனக்குக் கோபம் வரும். ஒன்றும் செய்ய முடியாதவளுக்கு எதற்கு ஆப்பம்? ஆனால் அவள் கண்டுகொள்ளமாட்டாள். "சாப்புடு தங்கச்சி, நீ என்ன பண்ணுவ" என்பாள். ஒரு நாள் பையனையும் கூட்டிவந்தாள். தோள் அகன்ற, வாய் பேசாத பையன். ஜாடிகளை ஒரு தரம் பார்த்தான். "வேற ஆள பாக்குறாங்களாம்மா. வா, போவலாம்" என்று தாயிடம் மட்டும் சொன்னான். மூட்டை தூக்கித் தூக்கி அந்த வயதிலேயே ஒரு தோள் இறங்கியிருந்தது அவனுக்கு.

அதற்குள் அறையில் ஒரு வாடை வர ஆரம்பித்திருந்தது. மூடிய துணிமூட்டையில் மழைக்காலத்தில் வருமே, அந்த வாடை. ஆபீஸரைக் கூட்டிவந்து முகரச் சொன்னேன். "புது ஜாடி. மண்ணு வாசன" என்றார். சுட்டு மெருகேற்றிய பீங்கானில் மண் வாசனை வருமென்று பீங்கான் ஊரில் இருந்துகொண்டு சொன்னார். நான் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கையை மேஜைமேல் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

ஆடியில் டில்லிக்காரர் வந்தார். ஜங்ஷனில் மாலை போட்டு அழைத்துவந்தார்கள். மெதுவாகப் பேசுகிற, வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர். இந்த வேலையின் மேல் உண்மையான ஈடுபாடு இருந்தது அவருக்கு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ரெக்கார்டு ரூமில் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஜாடிகளைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், போட்டோ எடுக்கச் சொன்னார். உள்ளூர்ப் பொருளைக் கொண்டு உள்ளூர்ப் புத்தியோடு செய்வதுதான் இந்தத் திட்டத்தின் உயிர் என்று இங்கிலீஷில் சொன்னார். எங்கள் ஆபீஸருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒன்றைத் திறந்து பாருங்கள் சார் என்றேன். அவர் புன்னகை செய்தார். நன்றாக இருப்பதைத் திறந்து காற்றுப் பட விடுவது தவறு என்றார். முத்திரைகளை மட்டும் குனிந்து குனிந்து பார்த்தார். ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் சிறந்த நிலையில் இருப்பதாகக் குறித்துக்கொண்டார்.

வாசலில் பாயம்மா காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். ஆபீஸர் முறைத்ததைப் பார்க்காத மாதிரி அவளை உள்ளே அழைத்துவந்தேன். அவள் சொன்னாள், நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். இதெல்லாம் சாதாரண ஜனங்களின் ஞாபகம், இருநூறு வருஷம் கழித்து வருகிறவர்களுக்காக நாம் காக்கிறோம், அவசரப்படக்கூடாது, எப்படிப் பார்க்க அனுமதிப்பது என்று டில்லி போய் விதிமுறை எழுதப்போகிறேன், அதுவரை முத்திரை அப்படியே இருக்கட்டும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"இரநூறு வருசம் கழிச்சு வர்றவங்க இத தொறந்து பாப்பாங்களா?" என்று பாயம்மா என்னைக் கேட்டாள்.

"பாப்பாங்களாம்."

"பாத்து?"

"நீங்கள்லாம் இருந்தீங்கன்னு தெரிஞ்சுக்குவாங்களாம்."

"நான் இப்பவே இருக்குறேனே" என்றாள்.

அதையும் அவருக்குச் சொன்னேன். மிகவும் அழகாகச் சொன்னாள் என்று பாராட்டினார். சாயங்கால ரயிலில் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பாயம்மா வந்தபோது கையில் இலைப்பொட்டலம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பிறந்த தேதிக்குக் காகிதம் தராவிட்டால் வேறு ஆளை அனுப்பிவிடுவேன் என்று ஏஜெண்டு சொல்லிவிட்டானாம். அழவில்லை. "போவட்டும் தங்கச்சி. நீயும் எவ்வளவோ பாத்த. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றாள். அவள் அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். எனக்கு நன்றி சொன்னாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்துபோய் அந்த ஜாடியை இரண்டு கையாலும் பிடித்து மேடையின் விளிம்புக்கு இழுத்தேன். ஜாடி விழுந்தது. விழுந்தது என்றுதான் பிறகு விளக்கம் எழுதினேன். முத்திரையை உடைக்கக்கூடாது என்பதுதான் உத்தரவு, முத்திரையை நான் உடைக்கவில்லை. மூடியும் துணியும் அரக்கும் ஜாடியின் கழுத்தோடு சேர்ந்து தனியாக உருண்டு கிடந்தன, முத்திரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதையும் விளக்கத்தில் சேர்த்தேன்.

சத்தம் கேட்டு ஆபீஸர் ஓடிவந்தார். அவர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார், திட்டவில்லை. உடைந்த ஜாடிச் சில்லுகளுக்கு நடுவில் கிடந்ததைப் பார்த்துவிட்டார். பதிவேடுகள் தனித்தனியாக இல்லை. எல்லாம் ஒரே கட்டியாகக் கறுத்து, மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. வாடை மூக்கைத் துளைத்தது. நான் தரையில் உட்கார்ந்து, பேனாக்கத்தியால் ஏடு ஏடாகப் பிரித்தேன். சில ஏடுகள் பிரியும்போதே பொடிந்தன. பாயம்மா சொன்ன வருஷத்தை ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். கருவேப்பிலங்குறிச்சி. ஆண். தகப்பன் பெயரில் முதல் பாதி தெரிந்தது. தேதி இருக்கவேண்டிய இடத்தில் பூஞ்சை மட்டும்தான் இருந்தது.

"இருக்குதா?" என்றாள் பாயம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இருக்குது பாயம்மா. தேதிதான் அழிஞ்சு போச்சு."

"எந்த எடம்?"

விரல் வைத்துக் காட்டினேன். அவள் அந்த இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மீதி ஜாடிகளையும் தள்ளிவிட்டிருப்பேன். எத்தனை சித்திரை வெயிலில் நான் காயவைத்த புத்தகம் அது.

புத்தகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஆபீஸரின் மேஜையில் வைத்தேன். பாயம்மாவும் பின்னால் வந்து நின்றாள்.

"இது படிக்க முடியாத அளவுக்குக் கெட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க சார். மாஜிஸ்திரேட்டு ஏத்துக்குவாரு."

"எப்படிம்மா? நேத்துதான் எல்லாம் பிரமாதமா இருக்குதுன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க."

"அப்ப ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. ஜாடியில போட்டதால கெட்டுச்சுன்னு நான் எழுதறேன். அது கடலூருக்குப் போவும், மெட்ராசுக்குப் போவும், டில்லிக்குப் போவும். இல்லன்னா, தேடிப் பாத்தோம், கெடைக்கலன்னு நீங்க எழுதுங்க. அது இந்தம்மா முந்தானையில போவும்."

அவர் முகம் வாடிப்போயிருந்தது. நேற்று டில்லிக்காரரோடு நின்று எடுத்துக்கொண்ட போட்டோவை நினைத்திருப்பார். ஒரு காகிதத்தை எடுத்தார். மேஜையில் இருந்த பதிவேட்டிலிருந்து ஈரம் கசிந்தது. காகிதம் நனைந்துவிடக்கூடாதே என்று அந்தப் பதிவேட்டைப் புறங்கையால் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, மேற்படி பதிவேடு தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். நான் சிரிக்கவில்லை, சிரிப்பு வருகிற நிலையில் இல்லை.

கிடைக்காத அந்தப் பதிவேட்டுக்கு மறுநாள் புது ஜாடி வந்தது. கறுத்த கட்டியை அதில் போட்டு, அரக்கு ஊற்றி, பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். டில்லிப் பட்டியலில் அது சிறந்த நிலையில் இருந்தது, எங்கள் ஆபீஸ் சான்றில் கிடைக்காமல் இருந்தது. இரண்டும் சர்க்கார் காகிதம்தான். மற்ற ஜாடிகளையாவது திறந்து காயவைக்கலாம் என்று ஆபீஸரிடம் எழுதிக் கேட்டேன், வாயால் கேட்டேன், சண்டையும் போட்டேன். அவர் மாற்றலாகிப் போய், அடுத்தவர் வந்து பயந்து பயந்து அவற்றைத் திறக்கச் சொல்வதற்குள் பாதி ஊர்கள் போய்விட்டன. ஓடு ஒழுகிய காலத்தில்கூட நான் அவ்வளவு இழக்கவில்லை.

பையன் துபாய் போனான், அந்த வேலை அவனுக்கே கிடைத்தது. எனக்கு மறக்காமல் இருப்பது அந்தச் சான்று கைக்கு வந்த மத்தியானம். ஆபீஸர் அறையை விட்டு வெளியே வந்ததும் பாயம்மா அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். மேற்படி பதிவேடு கிடைக்கவில்லை, ஆகவே இன்னாருக்கு இன்ன ஊரில் ஆண் குழந்தை பிறந்ததற்கான பதிவு எதுவும் இல்லை என்று படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள், படித்தேன்.

"இத வெச்சிக்கிட்டு என்ன பண்ணணும்?"

"கோர்ட்டுக்குப் போயி மாஜிஸ்திரேட்டு முன்னால நின்னு, இவன நான்தான் பெத்தேன், இன்ன தேதியில பெத்தேன்னு சொல்லணும். நம்புவாங்க."

"இது இல்லாம போயிச் சொன்னா?"

"நம்ப மாட்டாங்க பாயம்மா."

அவள் காகிதத்தை நான்காக மடித்தாள்.

"அப்ப, எம் புள்ள பொறக்கவே இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்தாதான், நான் பெத்தேன்னு அவங்க நம்புவாங்க."

கேள்வியாக அவள் அதைக் கேட்கவில்லை. காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, "போயிட்டு வரேன் தங்கச்சி" என்று கோர்ட்டுப் பக்கம் நடந்தாள்.